மார்ச் மாதத்தில் முதுமலை மான்கள் எதைத் தின்கின்றன?

#1 மலைப்பாதை_மணி

போன வாரம் ஊட்டியிலிருந்து மைசூர் பஸ்ஸில் போனேன். கூடலூர் தாண்டி, தொரப்பள்ளி செக்போஸ்ட் வழியாகக் காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரே சந்தேகம். பெரும்பாலான மரங்களில் இலையே இல்லை. தேக்கெல்லாம் நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்கிறது, கீழே முழுக்கச் சருகு, புல் இருந்த இடமெல்லாம் வைக்கோல் நிறம். ஆனால் தெப்பக்காடு வருவதற்குள் புள்ளிமான் மட்டும் அறுபது எழுபது எண்ணிவிட்டேன், ஒன்றுகூட எலும்பும் தோலுமாக இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் இந்த மாதத்தில் தழைக்கு நாயாய் அலைகிறார்கள். இதுகள் எதைத் தின்று வயிறு வளர்க்கின்றன? பள்ளிக்கூடத்தில் படித்தது புல் – மான் – புலி. முதல் கட்டமே காலியாக இருக்கிறதே!

#2 வெட்டிப்பேச்சு

வனத்துறை தீவனம் போடும். தெப்பக்காட்டில் உருண்டை உருட்டிப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

#3 கூடலூர்க்காரன்

அது முகாம் யானைகளுக்கு. ராகிக் களி, கொள்ளு, வெல்லம் எல்லாம் கும்கிகளுக்குத்தான். காட்டு மானுக்கு யாரும் சோறு போடுவதில்லை, பஸ்ஸிலிருந்து சிப்ஸ் வீசும் மகான்கள் தவிர.

மணி அண்ணா, நீங்கள் பார்த்ததில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் புதரை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், வியூ லைன் என்போம். வண்டி ஓட்டுபவருக்கு விலங்கு தெரிய வேண்டும் என்பதும், தீ தாவக் கூடாது என்பதும் காரணம். வெட்டிய இடத்தில் புல் குட்டையாக, இளசாக மறுபடி மறுபடி துளிர்க்கும். மான் அதற்காக வருகிறது, சிறுத்தை வந்தால் தூரத்திலேயே தெரியும் என்பதற்காகவும் வருகிறது. அங்கிருந்து இருநூறு அடி உள்ளே போனால் உண்ணிச்செடி (லான்டானா) ஆளுயரத்துக்கு நிற்கும், அதற்குள் மானும் இல்லை மண்ணும் இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து எண்ணினால் காடு முழுக்க மான் என்றுதான் தோன்றும்.

#4 மலைப்பாதை_மணி

சரி, சாலையோரம் புல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாலையோரப் புல் மட்டும் இத்தனைக்கும் போதுமா? கடமான், காட்டுமாடு, யானை எல்லாம் இருக்கிறதே.

#5 ஓய்வு_வாத்தியார்

போதாது. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, கவனித்தீர்களா? "கீழே முழுக்கச் சருகு" என்று எழுதினீர்கள். இலையுதிர் காட்டில் கோடையில் பந்தி தரையில்தான். மேலிருந்து விழுவதுதான் சோறு.

முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன், நானும் கரும்பலகையில் புல் – மான் – புலி என்றுதான் எழுதினேன், அந்தப் பாவத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன். ஜனவரி முடிவிலிருந்து மார்ச் வரை முள்ளிலவு பூக்கும், புரசு பூக்கும். இரண்டுக்கும் இலை இல்லாத நேரத்தில் பூ. இலவம்பூ கை நிறைய இருக்கும், சதைப்பற்றானது, காலையில் மரத்தடியில் பொத் பொத்தென்று விழும். தேன் குடிக்க வந்த மைனாவும் கரிச்சானும் தட்டிவிட்டது பாதி, மந்தி பிய்த்துப் போட்டது மீதி. மான் அதைப் பொறுக்கித் தின்னும். அதற்கு முன்னால் நெல்லி. அப்புறம் அத்தி, ஆல். இதெல்லாம் இல்லாதபோது காய்ந்த இலையையும் தின்னும், அசைபோடும் வயிறு இருப்பதால் அது கட்டுப்படியாகிறது. நான்கு அறை வயிற்றில் நுண்ணுயிர்கள் நாரை உடைத்துக் கொடுக்கின்றன.

நெல்லிக்காய் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. புள்ளிமான் நெல்லிக்காயை முழுசாக விழுங்கிவிடும். சதை மட்டும் செரித்துவிட்டு, கொட்டையைப் பல மணி நேரம் கழித்து அசைபோடும்போது வாயால் துப்பிவிடும். சாணியில் வராது. மரத்திலிருந்து தள்ளி, நிழலில் மான் படுத்து எழுந்த இடத்தில் பாருங்கள், வெள்ளையாக, நக்கித் துடைத்த மாதிரி நெல்லிக்கொட்டை குவியலாகக் கிடக்கும். வெயிலில் காய்ந்ததும் அந்தக் கொட்டை டப்பென்று வெடித்து உள்ளே இருக்கும் ஆறு விதையும் தெறிக்கும். முதுமலையிலேயே மரத்தடியில் கேமரா வைத்து, யார் தின்கிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். குரங்கும் பறவையும்தான் விதை பரப்பும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், நெல்லிக்கு மான்தான் பெரிய ஆள். ஆக "செடி தின்னி" என்று நாம் எழுதும் பிராணி அந்தச் செடிக்கு உழவனும்கூட.

#6 வெட்டிப்பேச்சு

வாத்தியாரே, இதைத் தேர்வில் எழுதியிருந்தால் மார்க் போட்டிருப்பீர்களா?

#7 ஓய்வு_வாத்தியார்

பாதி மார்க் போட்டிருப்பேன். விடைக்குறிப்பில் இல்லையே.

#8 கூடலூர்க்காரன்

மந்தி விஷயத்தை நான் கண்ணால் பார்த்தவன், அதனால் ஒரு வரி. மந்திக் கூட்டம் மேலே மேய்கிற மரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். மந்தி இலையை முழுசாகத் தின்னாது, காம்பைக் கடிக்கும், தளிர் நுனியைக் கிள்ளும், பிடிக்கவில்லை என்றால் கிளையோடு ஒடித்துப் போடும். தின்பதைவிடச் சிந்துவது அதிகம்போலத்தான் தெரியும். கீழே ஏழெட்டுப் புள்ளிமான் அண்ணாந்தபடி நிற்கும். ஒரு கிளை விழுந்ததும் ஓடிவந்து முட்டிக்கொள்ளும். புலி வந்தால் மேலே இருப்பவன் முதலில் பார்த்துக் கத்துவான், அது கூடுதல் லாபம்.

#9 தேக்குத்தோப்பு

எல்லோரும் நான்கு கால் உள்ளதையே பேசுகிறீர்கள். நான் நிலம்பூர்ப் பக்கம் தேக்கு வேலையில் இருப்பவன். தேக்கு இலையை அதிகம் தின்பது யார் என்று கேட்டால் யானை என்று சொல்ல மாட்டேன், ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலப் புழு என்றுதான் சொல்வேன். ஏப்ரல் மே மாதத்தில் முதல் கோடை மழை பெய்ததும் தேக்கு துளிர்க்கும், அந்தத் துளிர் மேல் அந்துப்பூச்சி வந்து முட்டையிடும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் தோப்பு மறுபடி மொட்டை. அந்த நேரத்தில் மரத்தடியில் நின்றால் தூறல் மாதிரிச் சத்தம் கேட்கும், வானம் பார்த்தால் தெளிவாக இருக்கும். விழுவது புழுவின் எச்சம். சட்டைக் காலருக்குள் எல்லாம் போகும். அப்புறம் புழுக்கள் நூல் விட்டுக் கீழே இறங்கும், பாதை நெடுகத் திரைச்சீலை தொங்கும். காகம், மைனா, கரிச்சான் எல்லாம் அன்றைக்குக் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி.

கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் புழுவிடமிருந்து காத்த இளந்தோப்பையும் காக்காத தோப்பையும் ஒப்பிட்டார்கள். புழுவால் மர வளர்ச்சியில் 44 சதவீதம் போகிறது என்று கணக்கு வந்தது. எந்த மானாவது இவ்வளவு தின்னுமா?

#10 ஓய்வு_வாத்தியார்

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம், நான் விட்டுவிட்டேன். இதோடு சேர்த்து ஒன்று. நம் காட்டு மரங்களில் சில, மழைக்குக் காத்திருக்காமல் மார்ச் ஏப்ரல் கொளுத்தும் வெயிலிலேயே துளிர்த்துவிடும். தண்ணீர் இல்லாத நேரத்தில் ஏன் இந்த அவசரம்? 1990களின் தொடக்கத்தில் முதுமலையில் இதை அளந்து பார்த்தார்கள். பூச்சிகள் மழையோடுதான் பெருகுகின்றன. முன்கூட்டியே துளிர்த்த மரங்களின் இலைகள் பூச்சி வருவதற்குள் முற்றித் தடித்துவிடுகின்றன, கடிபடுவது குறைவு. மழைக்குப் பின் துளிர்த்தவை மாட்டிக்கொள்கின்றன. தாகத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், புழுவைத் தாங்க முடியாது என்று மரம் முடிவு செய்த மாதிரி இருக்கிறது. (மரம் முடிவெடுக்காது, தெரியும். விலங்கியல்காரன் தமிழ் எழுதினால் இப்படித்தான் வரும்.)

மணிக்கு இதில் பதிலும் இருக்கிறது: நீங்கள் மார்ச்சில் மொட்டை என்று பார்த்த காட்டில் அங்கங்கே தளிர் விட்ட மரங்கள் இருந்திருக்கும். யானை தேடிப் போவது அதைத்தான். புல் முற்றிவிட்டால் அதில் சத்தும் போகும், வாயையும் அறுக்கும், ஆகவே கோடையில் யானை தழைக்கும் பட்டைக்கும் மாறிவிடும். ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தின்னும், அதில் பாதிகூடச் செரிக்காது. மீதி அப்படியே பிண்டமாக விழுகிறது, சாணவண்டுக்கும் கறையானுக்கும் அது ஒரு வார விருந்து.

#11 வலசை

யானை மரத்தை அழிக்கிறதா இல்லையா என்பது எப்போதும் சண்டையாகும் விஷயம், அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் 50 ஹெக்டேர் இடத்தை அளந்து, விரல் பருமனுக்கும் குறைவான, ஒரு சென்டிமீட்டர் தண்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் எண் போட்டார்கள். 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், எழுபது சொச்சம் இனம். யானை ஆய்வாளர் சுகுமார் நடத்திய ஆய்வு அது, இன்றைக்கும் தொடர்கிறது. அதில் கைடியா என்று வெண்டைக் குடும்பத்து மரம் ஒன்று ஆயிரக்கணக்கில் இருந்தது, சில ஆண்டுகளில் சொற்பமாகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் முறுக்கிய காய் விற்பார்களே வலம்புரி, அந்தச் செடிக்கும் அதே கதி. இரண்டையும் யானை பட்டைக்காக முறித்துப் போட்டது. பக்கத்திலேயே நிற்கும் தேக்கும் வெக்காலியும் பெரிதாக மாறவில்லை. ஆகவே "யானை காட்டை அழிக்கிறது" என்பதும் தப்பு, "யானை எதையும் செய்யாது" என்பதும் தப்பு. அதற்கு ருசி இருக்கிறது.

#12 புலிப்பிரியன்

இத்தனை பேசியும் யாரும் புலியைச் சொல்லவில்லை. புலி இருந்தால்தான் மான் கட்டுக்குள் இருக்கும், மான் கட்டுக்குள் இருந்தால்தான் காடு. அமெரிக்காவில் யெல்லோஸ்டோனில் 1995இல் ஓநாயைக் கொண்டுவந்து விட்டதும் ஆறே திசை மாறியது என்று வீடியோ பார்த்தேன். நம் காட்டிலும் அதேதான்.

#13 வலசை

அந்த வீடியோவை நானும் பார்த்தேன், எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வந்தது. அங்கேயே அதில் எவ்வளவு ஓநாய் வேலை, எவ்வளவு மற்றக் காரணம் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இங்கே கணக்கைத் தலைகீழாகப் பாருங்கள். ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஐம்பது உருப்படி இரை வேண்டும். அந்த ஐம்பது போனாலும் மந்தை குறையாமல் இருக்க, சுமார் ஐந்நூறு உருப்படி அங்கே இருக்க வேண்டும். இது புலி ஆய்வாளர் காரந்த் சொல்லும் கணக்கு. அதாவது எத்தனை புலி என்பதை மான் தீர்மானிக்கிறது, எத்தனை மான் என்பதைத் தரையில் விழுவதும் முளைப்பதும் தீர்மானிக்கிறது. செந்நாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்குநேரியில் பிறந்த ஜான்சிங் 1976இலிருந்து 78 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து ஆய்வு செய்தார். புள்ளிமான்தான் அவற்றின் முக்கிய இரை. முதலில் புல்லும் தழையும், அப்புறம்தான் மற்றவை.

#14 அந்தமான்_செல்வி

வலசை சார், நீங்கள் சொல்வது பாதிதான் சரி. நான் போர்ட் பிளேரில் இருக்கிறேன், எங்கள் தீவுக்கு வந்து பாருங்கள். இங்கே முதலில் புள்ளிமானே கிடையாது, இப்போது இருப்பது ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. மான் தீவு விட்டுத் தீவு நீந்திப் போய்ப் பெருகிவிட்டது. எங்கள் காட்டிலும் படாக் மாதிரி இலை உதிர்க்கும் மரங்கள் உண்டு. மான் அதிகமான இடத்தில் பெரிய மரம் நிற்கும், கீழே பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி இருக்கும். கன்று எதுவும் மானின் வாய் உயரத்தைத் தாண்டுவதில்லை. கிழவர்கள் மட்டும் இருக்கும் ஊர் போல. இன்டர்வியூ தீவில் இன்னொரு கூத்து: மரக் கம்பெனி ஒன்று 1962இல் நொடித்துப்போய் நாற்பது யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது, அவை காட்டு யானையாகித் தாழையும் பிரம்பும் காலி. சாப்பாடு கீழிருந்து வருகிறது என்பது உண்மை, ஆனால் மேலிருந்து பயம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தீவே சாட்சி.

#15 வலசை

செல்வி அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். முதுமலையில் மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு கயிறும் இழுபடுவதால் நமக்கு எது இழுக்கிறது என்று தெரிவதில்லை, உங்கள் பக்கம் ஒரு கயிறு அறுந்திருப்பதால் பளிச்சென்று தெரிகிறது.

#16 புலிப்பிரியன்

அப்போ நான் சொன்னது சரி.

#17 அந்தமான்_செல்வி

கால்வாசி :)

#18 மலைப்பாதை_மணி

ஒரு கேள்வி கேட்டால் அந்தமான் வரை போய்விட்டீர்கள். உண்ணிச்செடியைப் பற்றி கூடலூர்க்காரர் ஒரு வரியில் விட்டுவிட்டார். அதை எதுவுமே தின்னாதா? செடி தின்னி இத்தனை இருக்கும்போது அது எப்படி இப்படிப் பரவியது?

#19 கூடலூர்க்காரன்

பழத்தைக் கொண்டைக்குருவி தின்னும், தின்று எல்லா இடத்திலும் போடும். இலையை ஆடு மாடு தெரியாமல் அதிகம் தின்றால் ஈரல் கெட்டு, வெயிலில் நின்றால் தோல் வெடித்து உரியும். அதனால் விவரம் தெரிந்த விலங்கு தொடாது. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி, அழகு இன்னும் குறையவில்லை, போட்டோ எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மான் பக்கத்தில் இருக்கும் நல்ல புல்லைத் தின்னத் தின்ன உண்ணிக்கு இடம் கிடைக்கிறது, அதுதான் இதிலே எரிச்சல். எங்கள் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் அதன் குச்சியில் ஆளைவிடப் பெரிய யானைகள் செய்தார்கள், 2021இல் அவை லண்டன் பூங்காவில் நின்றன. உண்ணிக்குக் கிடைத்த ஒரே நல்ல வேலை.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாராவது கேட்பதற்கு முன்னால். கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் முன்பெல்லாம் பனி முடியும் காலத்தில் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பார்கள், தரகு பெங்கி என்பார்கள். சருகு அதிகம் சேர்வதற்குள் எரித்தால் தீ முழங்கால் உயரம்தான் வரும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது, புல் துளிர்க்கும், உண்ணிக் கன்று கருகும், நெல்லி மரத்தில் தொற்றும் புல்லுருவியும் குறையும் என்பது அவர்கள் சொல்வது. 1974இல் சரணாலயம் ஆனது, எரிப்பதற்குத் தடை வந்தது, அதற்கப்புறம் உண்ணி ஏறியது. இப்போது அதே உண்ணி காய்ந்து நிற்பதால் தீப்பிடித்தால் கிளை வரை ஏறுகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் எரிந்ததை மசினகுடியிலிருந்தே புகையாகப் பார்த்தோம். இதற்காக நாளைக்கே தீப்பெட்டியோடு கிளம்பச் சொல்லவில்லை. சருகை யாரும் எரிக்காவிட்டால் கறையான் மட்டும் தின்று தீர்க்குமா என்பதுதான் கேள்வி.

#20 வெட்டிப்பேச்சு

கறையானும் செடி தின்னிதானா?

#21 ஓய்வு_வாத்தியார்

செத்த செடி தின்னி. ஒரு காட்டில் உண்டாகும் இலையில் உயிரோடு இருக்கும்போது தின்னப்படுவது சிறுபகுதிதான், பெரும்பகுதி பழுப்பாகி விழுந்த பிறகுதான் யார் வாய்க்காவது போகிறது. கறையான், மரவட்டை, பூஞ்சை. கறையானைத் தின்னக் கரடி இருக்கிறது, புற்றில் வாயை வைத்து உறிஞ்சும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அதே கரடி கொன்றைக்காய், இலந்தை எல்லாம் தின்னும், சாணியில் கொன்றை விதை அப்படியே கிடக்கும். ஆகவே அதைச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் மாட்டுவீர்கள்? என் கரும்பலகையில் அதற்கு இடமே இருந்ததில்லை.

#22 சீகூர்_பட்டி

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் காட்டுக்குள் சுற்றுவதை மட்டும் சொல்கிறீர்கள், காட்டிலிருந்து வெளியே போனதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்போது முப்பது மாடு. பாலுக்கு இல்லை, சாணிக்கு. காலையில் காட்டில் விட்டு, சாயங்காலம் பட்டியில் அடைப்போம். ராத்திரி பூராவும் போடுகிற சாணியைக் காலையில் அள்ளிக் காயவைத்துக் குவிப்போம், லாரி வரும், தோட்டங்களுக்குப் போகும், காப்பிக்கு உரம். மசினகுடிப் பக்கம் நிறைய வீடுகளில் இதுதான் பிழைப்பு. அந்த வயதில் காசு வருகிறது என்று மட்டும் தெரியும். இப்போது யோசித்தால், மான் தின்றால் சாணி காட்டிலேயே விழும், வண்டு உருட்டும், மண்ணுக்குப் போகும். எங்கள் மாடு தின்ற புல் காப்பிச் செடியாகி யார் வீட்டுக் கோப்பைக்கோ போய்விட்டது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், வேறு என்ன செய்திருப்பார்.

மாடு செத்தால் மட்டும் காட்டுக்கே கொடுத்துவிடுவோம். இழுத்துப் போட்டால் மத்தியானத்துக்குள் கழுகு வந்துவிடும், பாறு என்பார்களே அது. ஆற்றோரம் நீர்மருதில் கூடு. அப்புறம் மாட்டுக்குப் போடும் வலி ஊசி மருந்தால் நாடு முழுக்க அவை செத்துப்போனதும் 2006இல் அந்த மருந்தைத் தடை செய்ததும் தெரிந்ததுதானே. எங்கள் பள்ளத்தாக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இப்போது மாடும் குறைந்துவிட்டது, எங்கள் பட்டி இருந்த இடத்தில் உண்ணி நிற்கிறது.

#23 தேக்குத்தோப்பு

அந்த லாரிகளில் பாதி எங்கள் ஊர்ப் பக்கம்தான் வந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

#24 மலைப்பாதை_மணி

மறுபடி மைசூர் போக வேண்டிய வேலை வந்தது, நேற்றுதான் திரும்பினேன். இந்தத் தடவை மானை எண்ணவில்லை. தெப்பக்காட்டில் பஸ் நின்றபோது எதிரே ஒரு முள்ளிலவு, பூ முடிந்து காய் பிடித்திருந்தது. அடியில் மான் இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில் மந்தி இருந்தது, கீழே மூன்று மான் அண்ணாந்துகொண்டு நின்றன. பக்கத்து சீட்டுக்காரர் "வெயிலுக்கு நிழலில் ஒதுங்கியிருக்கிறது பாவம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல ஆரம்பித்தால் குண்டல்பேட்டை வரை முடிந்திருக்காது.

#25 கூடலூர்க்காரன்

நேற்று ராத்திரி இங்கே முதல் மழை, அரை மணி நேரம். விடியும்போது புற்றிலிருந்து ஈசல் கிளம்பிவிட்டது. கரிச்சான், ஓணான், பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் வாசலில்தான். அம்மா இரண்டு படி பிடித்து வறுத்துவிட்டார். வருகிறவர்கள் வரலாம்.